ஒரே தமிழ்ச் சொல், இரண்டு ஆங்கிலச் சொல்: கடிதத்திலும் படிவத்திலும் தடுமாறாமல் எழுத ஒரு வழிகாட்டி

கச்சேரிக்கோ (மாவட்டச் செயலகத்துக்கோ), வங்கிக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ இலங்கையின் வன்னியில் இருந்து ஆங்கிலத்தில் போகும் கடிதங்களில் இலக்கணப் பிழையை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வினைச்சொல்லில் ஓர் எஸ் விடுபட்டால் வாசிப்பவர் தானே போட்டு வாசித்துவிடுவார். சொல் மாறினால் அப்படி இல்லை. 'லெண்ட்' வரவேண்டிய இடத்தில் 'பொறோ' வந்தால் கடன் கொடுத்தவர் வாங்கியவர் ஆகிவிடுவார். 'மிஸ்ஸிங்' வரவேண்டிய இடத்தில் 'லொஸ்ட்' வந்தால் தேடப்படும் பிள்ளை இறந்துபோன பிள்ளை ஆகிவிடும். வசனம் பார்வைக்குச் சரியாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாது. அதுதான் வில்லங்கம்.

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) ஆங்கிலத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், ஊரில் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்களுக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்கும் இது எழுதப்பட்டது.

படி 1: எந்த வகைத் தடுமாற்றம் என்று பாருங்கள்

குழப்பும் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்தால் ஒரு மாதத்தில் இன்னும் கூடக் குழம்பும். அவை மூன்று வகை. தமிழில் ஒரு சொல்லால் சொல்வதை ஆங்கிலம் பிரித்துச் சொல்வது முதல் வகை: கடன், வரை, பார், மானியம், காணாமல் போ. தமிழிலும் இரண்டாகவே இருந்தும் நாம் கவனிக்காமல் விடுவது இரண்டாம் வகை: உயர், உயர்த்து. தமிழ் எழுத்தில் எழுதினால் ஒன்றாகத் தெரிவது மூன்றாம் வகை: 'லூஸ்', 'அட்வைஸ்'. முதல் வகைக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். இரண்டாம் வகைக்கு நமது இலக்கணமே போதும். மூன்றாம் வகைக்கு மட்டுமே மனப்பாடம் தேவை.

படி 2: பணமும் காணியும்

இங்கே பிழை விட்டால் நேரடியாக நட்டம் வரும் என்பதால் முதலில் இதைப் பார்ப்போம்.

'பொறோ' என்றால் கடனாக வாங்குவது, 'லெண்ட்' என்றால் கடனாகக் கொடுப்பது. தமிழில் 'கடன்' இரண்டுக்கும் பொது. வாங்கு, கொடு என்ற வினைதான் திசையைக் காட்டும். ஆங்கிலத்தில் திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பொருள் என் கைக்கு வருகிறதா, என் கையை விட்டுப் போகிறதா என்று கேளுங்கள். வந்தால் 'பொறோ', அதன் பின்னால் 'ஃப்ரொம்'. போனால் 'லெண்ட்', அதன் பின்னால் ஆளின் பெயர் அல்லது 'டு'. 'லெண்ட் ஃப்ரொம்' என்று எழுதியிருந்தால் சொல் மாறிவிட்டது என்று அந்த இடத்திலேயே பிடிக்கலாம். 'லெண்ட்' இன் இறந்தகாலத்தில் கடைசி எழுத்து டி அல்ல, ரீ. 'லோன்' என்பது கடன் என்ற பெயர்ச்சொல். வங்கிக் கடிதத்தில் 'ஐ வுட் லைக் டு அப்ளை ஃபோ எ லோன்' என்று எழுதினால் இந்தத் தலையிடியே இல்லை.

'லோன்' திருப்பிக் கட்ட வேண்டியது. 'கிராண்ட்' திருப்பிக் கட்டத் தேவையில்லாதது. இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்குக் கிடைத்த 550,000 ரூபா 'கிராண்ட்'. அதை 'ஏற்கெனவே உள்ள கடன்கள்' என்ற நிரலில் எழுதினால் இல்லாத கடன் ஒன்று உங்கள் தலையில் ஏறும். புதிதாகக் கேட்கும் கடனை வங்கி அதை வைத்தே குறைக்கலாம். 'சப்சிடி' வேறு. பசளை போன்ற ஒரு பொருளின் விலையில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்பது அது. தமிழில் இரண்டையும் மானியம் என்றே சொல்வதால், 'ஃபெர்ட்டிலைசர் கிராண்ட்' என்று எழுதிவிட்டு முழுப் பணமும் கிடைத்ததாகக் காட்டிவிடுகிறோம்.

'ரென்ட்', 'ஹயர்', 'லீஸ்' மூன்றில் 'ஹயர்' நமக்குப் புதிதல்ல. முச்சக்கரவண்டிக்காரர் ஹயருக்குப் போவதுதான் அதன் சரியான பொருள்: கொஞ்ச நேரத்துக்கு, ஒரு வேலைக்கு. உழவு இயந்திரத்தையும் ஆளையும் 'ஹயர்' பண்ணலாம். மாதாமாதம் கட்டும் வீட்டு வாடகை 'ரென்ட்'. எழுத்தில் ஒப்பந்தம் செய்து ஒரு காலத்துக்கு எடுப்பது 'லீஸ்'. சிறுபோகத்துக்குக் குத்தகைக்கு எடுத்த வயலுக்கு 'லீஸ்' பொருந்தும்.

காணிப் பத்திரங்களில் இன்னும் கவனம் வேண்டும். வன்னியில் பெருமளவு காணி, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அது 'பெர்மிட்'. உறுதிக்காணி 'டீட்'. பெர்மிட் காணிக்காரர் 'ஐ ஹாவ் எ டீட்' என்று எழுதினால் இல்லாத உரித்தைக் கோருவதாகிவிடும். 'பெர்மிஷன்' என்பது அனுமதி. அதற்கு முன்னால் 'எ' வராது, பன்மையும் எடுக்காது. 'பெர்மிட்' என்பது கையில் பிடிக்கக்கூடிய கடதாசி. 'லைசன்ஸ்' வாகனம் ஓட்டவும் கடை நடத்தவும். பிரித்தானிய எழுத்துமுறையில் பெயர்ச்சொல்லான 'லைசன்ஸ்' இன் கடைசி மெய் சீ, வினைச்சொல்லில் எஸ். நமது பாடநூல்களும் அலுவலகங்களும் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன.

படி 3: தன்வினை, பிறவினை

பாடசாலையில் படித்துவிட்டு மறந்த இந்தப் பாடம் ஆங்கிலத்துக்கு இவ்வளவு உதவும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. உயர் – உயர்த்து, விழு – விழுத்து, கிட – கிடத்து, இரு – இருத்து. இவற்றுக்கு நேராக 'ரைஸ் – ரெய்ஸ்', 'ஃபோல் – ஃபெல்', 'லை – லெய்', 'சிட் – செட்'. தமிழ் வசனத்தை முதலில் சொல்லிப் பாருங்கள். 'எதை?' என்ற கேள்விக்கு விடை இருந்தால் இரண்டாவது சொல், இல்லாவிட்டால் முதலாவது.

இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் 36 அடிக்கு உயர்ந்தது. எதை உயர்ந்தது? கேள்வியே நிற்காது. ஆகவே 'த வோட்டர் லெவல் ரோஸ்'. வான்கதவுகளை உயர்த்தினார்கள். எதை? கதவுகளை. ஆகவே 'தே ரெய்ஸ்ட் த கேட்ஸ்'.

'ஃபெல்' இல் ஒரு பொறி உண்டு. 'விழு' என்பதன் இறந்தகாலமும் 'ஃபெல்', 'விழுத்து' என்பதன் நிகழ்காலமும் 'ஃபெல்'. மரத்தை விழுத்தினார்கள் என்பதற்கு 'ஃபெல்ட்' என்று வரவேண்டும். காட்டோரம் ஒரு முதிரை மரம் கிடக்கிறது என்று வையுங்கள். 'த ட்ரீ ஃபெல்' என்றால் காற்றில் விழுந்தது. 'தே ஃபெல்ட் த ட்ரீ' என்றால் வெட்டி விழுத்தினார்கள், விசாரணைக்குரிய விஷயம். முறைப்பாட்டில் ஓர் ஈடீ விடுபட்டால் குற்றமே இல்லாமல் போய்விடும்.

'லை – லெய்' இதைவிட மோசம். கிட என்பது 'லை', இறந்தகாலம் 'லெய்'. கிடத்து அல்லது வை என்பது 'லெய்', இறந்தகாலம் 'லெய்ட்'. றோட்டில் நாய் கிடந்தது: 'லெய்'. மேசன் கல் வைத்தார்: 'லெய்ட்'. பொய் சொல்வதும் 'லை' தான், ஆனால் அதன் இறந்தகாலம் 'லைட்'. 'த பேஷன்ட் லைட் ஒன் த பெட்' என்று எழுதினால் நோயாளி கட்டிலில் இருந்து பொய் சொன்னார் என்று ஆகும்.

'ரிமெம்பர் – ரிமைண்ட்' உம் இந்த இனம்தான்: நினைவில் வை, நினைவூட்டு. அலுவலருக்கு 'ப்ளீஸ் ரிமெம்பர் மீ' என்று எழுதினால் என்னை மறந்துவிடாதீர்கள் என்று பாட்டுப் பாடுவது போல இருக்கும். 'ரிமைண்ட் மீ' என்று எழுதுங்கள்.

படி 4: 'வரை' என்றால் எது?

விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிடுபவர்களில் சிலர் சோம்பலால் தவறவிடுவதில்லை, இந்தச் சொல்லால் தவறவிடுகிறார்கள். 'அன்ரில்' என்றால் அதுவரை தொடர்ந்து நடப்பது: அலுவலகம் நாலேகால் வரை திறந்திருக்கும். 'பை' என்றால் அதற்குள் ஒருமுறை முடிந்துவிட வேண்டியது: 15 ஆம் திகதிக்குள் கிடைக்க வேண்டும். தமிழில் 'க்குள்' போட்டுச் சொல்ல முடிந்தால் 'பை'. 'வரைக்கும் தொடர்ந்து' என்று சொல்ல முடிந்தால் 'அன்ரில்'. 'ஐ வில் சப்மிட் த ஃபோம் அன்ரில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை வரை ஒவ்வொரு நாளும் படிவம் கொடுத்துக்கொண்டே இருப்பேன் என்று பொருள்.

'பை த ஃபிஃப்டீன்த்' இல் 15 ஆம் திகதியும் சேரும். 'பிஃபோ த ஃபிஃப்டீன்த்' இல் 14 ஆம் திகதியே கடைசி. அறிவித்தல் எழுதுபவர் நீங்கள் என்றால் 'ஒன் ஓ பிஃபோ' என்று போடுங்கள், சண்டை வராது. 'விதின் டூ வீக்ஸ்' என்றால் இரண்டு கிழமைக்குள் எந்த நாளும். 'இன் டூ வீக்ஸ்' என்றால் பெரும்பாலும் இரண்டு கிழமை கழிந்த பிறகு. 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்பதைத் தவிர்த்துத் திகதியையே எழுதுங்கள்; வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்று ஆங்கிலேயருக்கே குழப்பம்.

'சின்ஸ் – ஃபோ' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தொடங்கிய புள்ளி என்றால் 'சின்ஸ்': சின்ஸ் 2010. நீளம் என்றால் 'ஃபோ': ஃபோ ஃபைவ் இயர்ஸ்.

படி 5: பார், சொல், போயிட்டு வாறன்

யானை வயலுக்குள் இறங்கும் காலத்தில் 'பார்' மூன்றாகப் பிரிவதைத் தெளிவாகக் காணலாம். இருட்டில் ஏதோ அசைகிறது, கண்ணில் பட்டது: 'சீ'. டோர்ச்சை அந்தப் பக்கம் பிடித்துப் பார்க்கிறோம்: 'லுக் அட்'. அது எந்தப் பக்கம் போகிறது என்று பரணில் இருந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்: 'வோட்ச்'. தானாகப் பட்டது, திருப்பிப் பார்த்தது, தொடர்ந்து கவனித்தது. யானை வேலி தாண்டியதை நேரில் கண்டவர் முறைப்பாட்டில் 'ஐ சோ' என்றுதான் எழுத வேண்டும். 'ஐ லுக்ட்' என்றால் பார்த்தேன் என்று மட்டுமே வரும், கண்டதாக வராது.

'டெல்' க்குப் பின்னால் உடனே ஆள் வரவேண்டும்: 'டெல் ஹிம்'. 'சே' க்குப் பின்னால் சொன்ன செய்தி. 'செட் மீ' யும் பிழை, 'டோல்ட் டு மீ' யும் பிழை. மொழிக்கு 'ஸ்பீக்'. சும்மா கதைப்பதற்கு 'டோக்'.

விடைபெறும்போது 'போயிட்டு வாறன்' என்பதை அப்படியே 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்வது இலங்கை ஆங்கிலத்தில் ஊறிப்போன வழக்கம். ஊராருக்குள் பிழையில்லை. வெளிநாட்டில் இருந்து வந்த திட்ட அலுவலரிடம் சொன்னால் அவர் நீங்கள் திரும்பி வரும்வரை காத்திருப்பார்.

படி 6: இடப்பெயர்வும் காணாமல் ஆக்கப்படுதலும்

இந்தப் பகுதிக்கு அவசரப்பட வேண்டாம். ஆணைக்குழுக்களுக்கும் ஐக்கிய நாடுகள் அலுவலகங்களுக்கும் எழுதும் விண்ணப்பத்தில் ஒரு சொல் வருடக்கணக்கில் கோப்பில் இருக்கும்.

'ஐ லொஸ்ட் மை சன் இன் 2009' என்பதை ஆங்கிலம் தெரிந்தவர் வாசித்தால் மகன் 2009 இல் இறந்துவிட்டார் என்றே எடுப்பார். அடையாள அட்டைக்கு 'லொஸ்ட்' தொலைத்தல். உறவுக்கு 'லொஸ்ட்' மரணம். தாய் சொல்ல நினைப்பது அதுவல்ல. இருக்கும் இடம் தெரியவில்லை, உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை என்றால் 'மை சன் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் மே 2009'. இதிலும் வினையை மாற்றிவிடக் கூடாது: 'ஐ மிஸ் மை சன்' என்றால் அவர் நினைவாகவே இருக்கிறேன், 'ஐ மிஸ்ட் மை சன்' என்றால் அவரைச் சந்திக்கத் தவறிவிட்டேன் என்றும் எடுக்கலாம்.

'மிஸ்ஸிங்' என்பது நிலையை மட்டும் சொல்லும். 'டிஸப்பியர்ட்' என்றால் மறைந்தார், யாரால் என்று சொல்லாது. 'எஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்' என்றால் அரச தரப்பினரோ அவர்களின் ஆதரவோடு இயங்கியவர்களோ கொண்டுபோய்விட்டு அதை மறுக்கிறார்கள் என்பது. தமிழில் காணாமல் போனோர், காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற வேறுபாடு இதற்கு நேரானது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய உறவுகள் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்வதில் உறுதியாக இருப்பதன் காரணமும் இதுதான். 'வலிந்து' என்பதே 'எஃபோர்ஸ்ட்'. காணாமல் போனோர் அலுவலகத்தை அமைத்த 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'மிஸ்ஸிங் பேர்சன்ஸ்' என்று இருக்கிறது. இது பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் 'எஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்' இருக்கிறது. படிவம் எந்தச் சொல்லைக் கேட்டாலும், நடந்ததை விவரிக்கும் பந்தியில் உங்கள் சொல்லை நீங்களே தெரியுங்கள்.

அடுத்தது வினை. தானே போய்ச் சரணடைந்தார் என்றால் 'சரெண்டர்ட்'. குடும்பம் கையில் பிடித்துக் கொடுத்தது என்றால் 'வீ ஹாண்டட் ஹிம் ஓவர்'. சட்டப்படி கைது என்றால் 'அரெஸ்டட்', அடைத்து வைத்தது 'டிடெய்ன்ட்', கடத்தியது 'அப்டக்டட்'. கண்முன் நடந்தது எதுவோ அதற்குரிய சொல்லை மட்டும் எழுதுங்கள். ஒரே கடிதத்தில் ஓரிடத்தில் 'சரெண்டர்ட்', இன்னோரிடத்தில் 'அப்டக்டட்' என்று வந்தால் இரண்டு வேறு சம்பவம் போலத் தெரியும், கேள்வி கேட்பவர் அதிலேதான் பிடிப்பார். 'சேர்ட்டிஃபிக்கேட் ஒஃப் அப்சன்ஸ்' என்பது ஆள் காணப்படவில்லை என்பதற்கு. 'டெத் சேர்ட்டிஃபிக்கேட்' இறப்புக்கு. எது வேண்டும் என்று தெளிவாகத் தெரியாமல் எதிலும் கையொப்பம் வைக்கக் கூடாது.

'அகதி' யும் இரண்டாகப் பிரியும். மன்னாரில் இருந்து படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போனவர் 'ரெஃப்யூஜி', ஏனென்றால் எல்லை தாண்டியவர். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர் 'இன்டேர்னலி டிஸ்ப்ளேஸ்ட் பேர்சன்', சுருக்கமாக ஐ.டி.பி. சொந்தக் காணிக்குத் திரும்பிக் குடியேறியதற்கு 'ரீசெட்டில்ட்', வேறிடத்தில் குடியேற்றப்பட்டதற்கு 'ரீலொகேட்டட்' என்று பிரித்து எழுதுங்கள். 2012 இல் மெனிக் பாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் கொண்டுபோய் விடப்பட்டது சொந்தக் காணியில் அல்ல; அவர்களுக்கு 'ரீசெட்டில்ட்' என்று போட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அறிக்கை சொல்லிவிடும்.

காயத்துக்கு: ஆயுதத்தால் என்றால் 'வூண்டட்', விபத்தால் என்றால் 'இன்ஜேர்ட்', வீட்டுக்கும் பொருளுக்கும் 'டமேஜ்ட்'.

படி 7: தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிபவை

தமிழ் எழுத்தில் எஸ் ஒலியும் செட் ஒலியும் பிரியாது. அதனால் 'அட்வைஸ்' இரண்டு: சீ எழுத்தோடு வந்தால் அறிவுரை, எஸ் எழுத்தோடு வந்தால் அறிவுரை சொல். ஒலி அதிர்ந்தால் வினை. 'அட்வைஸஸ்' என்று பன்மை கிடையாது. 'லூஸ்' இல் ஓ ஒன்று என்றால் தொலை, தோற்றுப்போ. ஓ இரண்டு என்றால் தளர்வு. 'பிறைஸ்' இல் சீ விலை, செட் பரிசு.

'அஃபெக்ட்' ஏ எழுத்தில் தொடங்கும் வினை, 'இஃபெக்ட்' ஈ எழுத்தில் தொடங்கும் பெயர். 2018 டிசெம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் 'அஃபெக்ட்' பண்ணியது; அழிந்த பயிர் அதன் 'இஃபெக்ட்'. இடமாற்றக் கடிதத்தில் வரும் 'வித் இஃபெக்ட் ஃப்ரொம்' என்பதில் எப்போதும் ஈ.

'சோ' என்று ஒரே மாதிரி உச்சரிக்கும் இரண்டு உண்டு. எஸ், ஓ, டபிள்யூ: விதை. எஸ், ஈ, டபிள்யூ: தை. காலபோகத்துக்கு இரண்டு ஏக்கர் விதைத்தேன் என்று எழுதப்போய் இரண்டு ஏக்கர் தைத்தேன் என்று எழுதிய விண்ணப்பங்கள் உண்டு. 'வோக்' நடப்பது, 'வேர்க்' வேலை செய்வது. நேர்முகத் தேர்வில் 'ஐ வோக்ட் இன் எ புரொஜெக்ட்' என்று சொன்னால் திட்டத்துக்குள் நடந்து திரிந்ததாக ஆகும்.

படி 8: கொப்பியும் கடைசிச் சரிபார்ப்பும்

120 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். பக்கத்தின் தலையில் தமிழ்ச் சொல்லை எழுதுங்கள், ஆங்கிலச் சொல்லை அல்ல. குழப்பம் தமிழில் இருந்துதான் தொடங்குகிறது. கீழே ஆங்கிலச் சொற்கள், பிரிக்கும் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் வரும் இடைச்சொல், உங்கள் வீட்டிலோ வயலிலோ நடந்தது பற்றி இரண்டு வசனம். கிழமைக்கு ஐந்து சோடிக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் சோடியின் இரண்டு சொல்லையும் சேர்த்துப் படிக்காமல், ஒன்றை நன்றாகப் பாவித்துப் பழகிய பிறகு மற்றதை எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவை சேர்ந்தே ஞாபகம் வரும். எது எது என்பது மட்டும் வராது.

தமிழ்ப் பொருள் மட்டும் போட்ட அகராதி இதற்கு உதவாது. அது 'பொறோ' வுக்கும் கடன், 'லோன்' க்கும் கடன் என்றே சொல்லும். உதாரண வசனம் உள்ள அகராதியைப் பாருங்கள். கைபேசி மொழிபெயர்ப்பைப் பாவித்தால், வந்த ஆங்கிலத்தை வேறொரு திரையில் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். 'இழந்தேன்' என்று வந்தால் நிறுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சொல் சந்தேகமாகவே இருந்தால் அந்தச் சொல்லைத் தூக்கிவிட்டு நடந்ததைச் சின்ன வசனங்களாக எழுதுங்கள். 'கிராண்ட்' ஆ 'லோன்' ஆ என்று தெரியாவிட்டால்: 'தே கேவ் மீ திஸ் மணி. ஐ டோண்ட் ஹாவ் டு பே இட் பாக்.' எந்த அலுவலருக்கும் இது விளங்கும்.